நேர் வயர்

வேணாம் சார், மேல வைக்க வேணாம். மடியிலயே இருக்கட்டும், எனக்குப் பழகிருச்சு. உள்ள லேப்டாப் இருக்கு, சின்ன சவுண்ட் மிக்சர் ஒண்ணு இருக்கு, மைக் இருக்கு. டிரைவர் ஒரு பிரேக் போட்டா எல்லாம் யார் தலையிலயாவது வந்து விழும். உங்களுக்கு இடிக்குதா? கொஞ்சம் ஜன்னல் பக்கமா தள்ளிக்கிறேன்.

நான் லூர்துபுரம் விலக்குல, ரோடு பிரியுற இடத்துல இறங்கணும். நீங்க வத்தலக்குண்டு வரைக்குமா? அப்ப நல்லது, நான் தூங்கிட்டா எழுப்பி விடுங்க. தூங்க மாட்டேன், சும்மா சொன்னேன். நேத்தும் தூங்கல.

என் பேரு இன்னாசிமுத்து. கீபோர்டு வாசிக்கிறவன். திண்டுக்கல் பக்கம் கோயில் திருவிழா, கல்யாணம்னு கச்சேரி கேட்டவங்ககிட்ட 'இன்னிசை இன்னாசி'ன்னு சொன்னா தெரியும். கேட்டுச் சிரிப்பாங்க, ஆனா தெரியும். என்னைத் தெரியாதவங்களுக்குக் கூட ராணியத் தெரியும். சகாயராணி. என் வீட்டுக்காரி. எங்க குழுவுல அவதான் பாடகி. குழுன்னு பெருசா சொல்றேன், உண்மையில அவதான் குழு. நாங்க எல்லாம் அவளுக்குப் பின்னாடி ஏதோ தட்டிக்கிட்டு இருந்தோம்.

அப்படி ஒரு குரல் சார். மேல போறப்ப கேக்குறவனுக்குத்தான் மூச்சு முட்டும், அவளுக்கு முட்டாது. சும்மா படி ஏறிப் போற மாதிரி போவா. நான் அந்தக் குரலக் கேட்டுத்தான் பொண்ணு கேட்டேன். முகத்தைப் பாத்தது அதுக்கு அப்புறம். இதை அவகிட்டயே சொல்லியிருக்கேன். 'அப்ப என்னைக் கட்டல, என் தொண்டையத்தான் கட்டியிருக்கீங்க'ன்னு சிரிப்பா. சும்மா விளையாட்டுக்குச் சொல்வா.

அப்புறம் கழுத்துல கட்டி வந்துச்சு. தைராய்டு. எடுத்தே ஆகணும்னுட்டாங்க. யாரையும் குத்தம் சொல்ல முடியாது, கட்டி அந்தக் குரல் நரம்பைச் சுத்திப் புடிச்சிருந்துச்சாம். உயிர் தங்குச்சே, அதுவே பெருசு. கண்ணு முழிச்சு 'தண்ணி'ன்னு கேட்டா சார். நான் பக்கத்துக் கட்டில்ல யாரோ பேசுறாங்கன்னு திரும்பிப் பாத்தேன். குரல்ல பாதி காத்து, பாதி கரகரப்பு. மேல போறதே இல்ல. போனா உடைஞ்சு ரெண்டா வருது.

டாக்டர் பயிற்சி குடுத்தாரு. செஞ்சா. கொஞ்சம் தெளிஞ்சுச்சு. ஆனா பழைய குரல் பழைய குரல்தான், வரல. அவ ரெண்டு மாசம் அழுதா. அப்புறம் அழுகைய நிறுத்திட்டா. சமையக்கட்டுல நின்னுக்கிட்டு கீழ கீழ ஏதோ முணுமுணுப்பா. எனக்குத் தாங்காது சார். நான் ஹெட்போனை மாட்டிக்கிட்டு உள் ரூமுக்குப் போயிருவேன். அழுகைய நிறுத்தினது அவ, ஆரம்பிச்சது நான்.

அங்கதான் இந்த வேலையே தொடங்குச்சு. கம்ப்யூட்டர்ல ஒரு சாஃப்ட்வேர் இருக்கு சார். அதுல எழுதுறது கிடையாது, வரையறதுதான். திரையில சின்னச் சின்னப் பெட்டியா போடணும். ஒரு பெட்டி மைக்கில இருந்து சத்தத்தை வாங்கும். ஒண்ணு எதிரொலி குடுக்கும். ஒண்ணு ஸ்பீக்கருக்கு அனுப்பும். ஒரு பெட்டியில இருந்து இன்னொரு பெட்டிக்கு நாமதான் வயர் இழுத்து விடணும். வீட்டுக்கு ஒயரிங் பண்ற மாதிரிதான். எங்க அப்பா எலக்ட்ரீசியன், அதனால எனக்குச் சீக்கிரம் புடிபட்டுச்சு.

ஆனா அதுல வர்ற பெட்டி எல்லாம் ஊருக்குப் பொதுவானது. ராணி குரலுக்குன்னு எவன் பெட்டி செஞ்சு வச்சிருப்பான்? நமக்கு வேணுங்கிறதை நாமே செஞ்சு அதுக்குள்ள சொருகிக்கலாம். பிளகின்னு சொல்வாங்க. கோயம்புத்தூர்ல செந்தூரன்னு ஒரு இன்ஜினியர், அவரைப் புடிச்சேன். அவருக்கு ராணியோட பழைய கச்சேரி பதிவு எல்லாத்தையும் அனுப்பினேன். புதுக் குரலும் வேணும், ரெண்டையும் வச்சாத்தான் ஒண்ணை இன்னொண்ணா மாத்த முடியும்னாரு. அவளை உக்கார வச்சு ஆ, ஈ, ஊன்னு சொல்லச் சொல்லிப் பதிஞ்சு அனுப்பினேன். வேலை முடிஞ்சதும் அதை அழிச்சுட்டேன். அந்தச் சத்தம் வீட்டுல எதுக்கு?

பெட்டி வந்துச்சு. அதுக்குப் பேரு வைக்கணும்ல, 'ராணி'ன்னு வச்சேன். மைக்கில இருந்து ராணிக்கு ஒரு வயர், ராணியில இருந்து ஸ்பீக்கருக்கு ஒரு வயர். அவளைப் பாடச் சொன்னேன். சார்… எப்படிச் சொல்றது. செத்துப்போன ஆள் கதவைத் தட்டுனா எப்படி இருக்கும்? அப்படியே அந்தக் குரல். காத்து இல்ல, கரகரப்பு இல்ல, மூச்சு வாங்குற சத்தம் கூட இல்ல. நான் மேசையில தலையக் கவுத்துட்டு அழுதேன். அவ மைக்கைக் கீழ வச்சுட்டு என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. சந்தோஷத்துல பேச்சு வரல அவளுக்கு.

திரும்பக் கச்சேரி ஆரம்பிச்சோம். சனங்களுக்கு ஒண்ணும் தெரியாது. 'ராணி மறுபடி வந்துருச்சுப்பா'ன்னு ஒரே பேச்சு. நான் மேடையில கீபோர்டுக்குப் பக்கத்துல லேப்டாப்பை வச்சுக்கிட்டு, காதுல ஹெட்போனோட உக்காந்திருப்பேன். அவ பாடுறது எனக்குப் பெட்டி வழியாத்தான் வரும்.

அவளுக்குத்தான் ஏதாவது ஒரு நொட்டை. பெட்டி சத்தத்தை வாங்கி மாத்திக் குடுக்க ஒரு இமைப்பொழுது ஆகும். அவ காதுல இருக்குற இயர்போன்ல தன் குரலே கொஞ்சம் பிந்தி வரும். 'எனக்குப் பின்னாடி யாரோ ஒருத்தி நின்னு பாடுற மாதிரி இருக்குங்க, திரும்பிப் பாக்கணும் போல இருக்கு'ன்னா. சரின்னு நான் கோயம்புத்தூருக்கே போயி, செந்தூரன் பக்கத்துல உக்காந்து அந்தத் தாமதத்தைக் குறைச்சுட்டு வந்தேன். மனுசக் காது கண்டுபுடிக்க முடியாத அளவுக்கு. போட்டுக் காட்டினா, 'இப்பக் கிட்ட வந்து நிக்கிறா'ங்கிறா. இதுக்கு நான் என்ன சார் பண்ண முடியும்?

இன்னொண்ணும் கேட்டா. 'இந்தப் பெட்டி மேடையில நின்னு போச்சுன்னா? மைக்ல சத்தமே வராதே'ன்னா. அது நியாயமான கேள்வி. அதுக்காக இன்னொரு வயர் இழுத்து வச்சேன். நேர் வயர். ராணிப் பெட்டி வேலை செய்யலைன்னா, மைக்கில இருந்து பெட்டிக்குப் போகாம நேரா ஸ்பீக்கருக்கே போயிரும். அவ திருப்திக்குத்தான் வச்சேன். அவ அந்த வயரை விரலால தொட்டுப் பாத்தா சார், திரையில. 'இது நானா'ன்னு கேட்டா. ஆமான்னேன். 'மெல்லிசா இருக்கு'ன்னா. எல்லா வயரும் ஒரே தடிமன்தான், அவளுக்கு எங்க அதெல்லாம் தெரியப் போகுது.

இப்ப நான் எதுக்குப் போறேன்னு கேட்டீங்கள்ல. அதைத்தான் சொல்ல வர்றேன்.

போன வருஷம் ஒரு மாதா கோயில் திருவிழா. கூட்டம்னா கூட்டம். அன்னைக்குக் காலையில லேப்டாப் அப்டேட் கேட்டுச்சு. சரின்னு அமுக்கித் தொலைச்சேன். அதுதான் சார் நான் பண்ணுன ஒரே தப்பு. புதுசா மாறுன கம்ப்யூட்டர், 'இது கடையில வாங்குன பெட்டி இல்ல, யாரோ வீட்டுல செஞ்சது, உள்ள விட மாட்டேன்'னுருச்சு. பெட்டி திரையில இருக்கு, ஆனா சுத்தி இருக்குற கோடு மட்டும் புள்ளி புள்ளியா மாறியிருக்கு. உள்ள உயிர் இல்லைன்னு அர்த்தம். மேடை வெளிச்சத்துல அந்தப் புள்ளியெல்லாம் எனக்கு எங்க தெரியுது? எப்பவும் ராணியத்தான் ஹலோ சொல்லச் சொல்லிப் பாப்பேன். அன்னைக்கு அவ சேலை மாத்தப் போயிருந்தா. நானே ஹலோ சொன்னேன், ஸ்பீக்கர்ல ஜோரா கேட்டுச்சு. எப்படிக் கேட்டுச்சு? நேர் வயர்ல போயிருக்கு. பாதுகாப்புக்கு வச்ச வயரே என்னைக் கவுத்துருச்சு.

முதல் பாட்டு மாதா பாட்டு. அந்தப் பக்கத்துச் சனங்க எல்லாருக்கும் மனப்பாடமான பாட்டு. அவ வாயத் திறந்தா சார். அந்தக் குரல். அந்த உடைஞ்ச குரல் அவ்வளவு பெரிய ஸ்பீக்கர்ல ஊரு முழுக்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கூட்டம் அப்படியே அடங்கிப் போச்சு. பஜ்ஜிக் கடையில கூட சத்தம் இல்ல. எவ்வளவு கேவலமா நினைச்சிருப்பாங்க பாருங்க. நான் பெட்டியத் திறக்குறேன், மூடுறேன், வரவே மாட்டேங்குது. அவ நிறுத்துவான்னு பாத்தா நிறுத்தல. கண்ண மூடிக்கிட்டுப் பாடிக்கிட்டே போறா. எனக்கு அவ மேல கோவம் கூட வந்துச்சு. ஏண்டி இப்படி உன்னை நீயே…

பல்லவியில கடைசி அடி மேல போகும். அது அவளால முடியாது. அது வரப் போகுதுன்னு எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துருச்சு. கரெக்டா அங்க வந்து நிறுத்திட்டா. கண்ணைத் திறந்துட்டா. கையில இருந்த மைக்கு வாயை விட்டு முன்னாடி போயிருச்சு, கூட்டத்தப் பாத்து. கை நடுங்குது சார், நான் பக்கத்துல இருந்து பாக்குறேன். போச்சு, மைக்கக் கீழ போடப் போறான்னு நினைச்சேன். கூட்டத்துல அங்கங்க சத்தம் வேற கிளம்புது, கூச்சல் போட ஆரம்பிச்சுட்டாங்கன்னு புரிஞ்சுருச்சு. அதே பாட்டு பழைய கச்சேரியில பாடுனது லேப்டாப்புல இருந்துச்சு. அவ மைக்கோட சத்தத்தை இறக்கிட்டு அதைப் போட்டு விட்டேன். அந்தக் கடைசி அடில இருந்து சரியாப் போட்டேன். ஒரு தாளம் தப்பல. என் தொழில்ல நான் அப்படி ஒரு காரியம் பண்ணதே இல்ல. மானத்தைக் காப்பாத்திட்டேன்.

அவ மைக்கப் புடிச்சபடி அப்படியே நின்னா. ஸ்பீக்கர்ல அவ குரல் மேல மேல போகுது, அவ வாய் மூடியிருக்கு. நான் வாய அசைன்னு சைகை காட்டுறேன். அசைக்கல. என்னைத் திரும்பிப் பாத்தா. அப்படி ஒரு பார்வைய நான் அவகிட்டப் பாத்ததில்ல. ஆஸ்பத்திரியில கூடப் பாத்ததில்ல. மைக்க ஸ்டாண்டுல வச்சுட்டு இறங்கிப் போயிட்டா.

வீட்டுக்கு வர்ற வரைக்கும் நான்தான் பேசுனேன். 'பயப்படாத, போன்லயே செந்தூரன்கிட்டச் சொல்லி சரி பண்ணிட்டேன், ராணி இப்ப நல்லா வேலை செய்றா'ன்னு பெட்டியத்தான் சொன்னேன். அதுக்கு அவ, 'ராணி நல்லா இருந்தா சரி, அவளை வச்சுப் பாத்துக்கங்க'ன்னா. காலையில லூர்துபுரத்துல இருக்குற அக்கா வீட்டுக்குப் போறேன்னு கிளம்புனா. பத்து நாள்ல வந்துருவான்னு இருந்தேன். மழைக்காலம் போயி, கிறிஸ்துமஸ் போயி, தவக்காலமும் முடியப் போகுது.

ஒரு மனுசன் ஒரு பொம்பளைக்காக இதை விட என்ன சார் செய்வான்? நகை செஞ்சு போடுவான், வீடு கட்டுவான். நான் தொண்டை செஞ்சு குடுத்தேன். அதுக்குக் கிடைச்ச மரியாதை, வீட்டுல ஒத்தையில சோறு பொங்கிக்கிட்டுக் கிடக்கேன். சில நாள் சாயங்காலம் ஆனா லேப்டாப்பைத் திறந்து அவ பாட்டைப் போடுவேன். நல்லாத்தான் இருக்கும். பாட்டு முடிஞ்சதும் அந்த வீடு இருக்கு பாருங்க, கடிச்சுத் தின்னுரும்.

இன்னைக்குப் பெரிய வெள்ளி. எங்க கோயில்ல வியாழக்கிழமை பூசையில இருந்து மணி அடிக்க மாட்டாங்க, மரக்கட்டையத்தான் தட்டுவாங்க. கீபோர்டு, தபேலா எதுவும் கிடையாது. வெறும் வாய்ப்பாட்டுதான். என்னை மாதிரி ஆளுக்கு இன்னைக்கு வேலையே இல்ல. லூர்துபுரம் கோயில்ல இன்னைக்கு ராணியப் பாடச் சொல்லியிருக்காங்களாம். தானா ஒத்துக்கிட்டாளாம். எப்படிப் பாடுவா? அந்தக் குரலை வச்சுக்கிட்டு, ஒரு வாத்தியம் துணைக்கு இல்லாம, ஊர் முன்னாடி? திரும்பவும் அதே அவமானம்தானே? அதான் கிளம்பிட்டேன். ஃபாதர்கிட்டப் பேசிக்கலாம். வாத்தியம்தானே கூடாது, இது வாத்தியமா சார்? ஒரு வயர்தானே. பின்னாடி எங்கயாவது பிளக் பாயிண்டு மட்டும் இருந்தாப் போதும்.

அவ அக்கா செலின் ஒரு வாரம் முன்னாடி வாட்ஸ்அப்புல ஒரு ஆடியோ அனுப்பிச்சாங்க. ஒத்திகையில எடுத்தது. 'ராணி இதை உங்களுக்கு அனுப்பச் சொன்னா. கேட்டுட்டு வாங்க. கேக்காம வர வேணாம்னு சொல்றா'ன்னு. கேட்டேனே. கேக்காம வருவேனா? அதை லேப்டாப்புல ஏத்தி, பெட்டிக்குள்ள விட்டுக் கேட்டேன். அருமையா இருந்துச்சு. கடைசியில மட்டும் பெட்டிக்கு ஒண்ணும் புரியல, நாலஞ்சு தகரத்தைச் சேர்த்துத் தேய்ச்ச மாதிரி சத்தம். அதை வெட்டிட்டேன்.

இல்ல சார், அப்படியே கேக்கல. எனக்கு முடியாது. அந்தக் குரலைக் கேட்டா நான் திரும்ப ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல போயி நிப்பேன். எனக்குப் பயம் சார். அவ்வளவுதான். வெக்கத்த விட்டுச் சொல்றேன்.

இப்ப எப்படிப் பாடுறாங்கன்னா… என்ன கேக்குறீங்க? பெட்டி இல்லாமலா? அது… அது எனக்குத் தெரியல. ஆபரேஷனுக்கு அப்புறம் எடுத்த பதிவு எல்லாமே பெட்டி வழியா வந்ததுதான். இந்த ஒண்ணுதான் இருக்கு, செலின் அனுப்புனது.

நீங்க கேக்குறீங்களா? எதுக்கு சார், பயணத்துல போயி… சரி, கேளுங்க. ஒரு ஆள் கேட்டுச் சொன்னா எனக்கும் ஒரு ஆறுதல்தான். இந்தாங்க போன், அதுல வெட்டாம அப்படியே இருக்கு. இந்தாங்க இயர்போன். ரெண்டையும் நீங்களே மாட்டிக்கங்க. எனக்கு வேணாம்.

…

என்ன சார், கண்ணைத் தொடைக்கிறீங்க? பாத்தீங்களா. முன்னப்பின்ன தெரியாதவர் நீங்க, உங்களுக்கே தாங்கல. இதைத்தான் சார் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்.

என்னது, திரும்பவுமா? இன்னொரு தடவை எதுக்கு சார்? வேணாம், மனசு கஷ்டப்படும். … சரி, கேளுங்க. உங்க இஷ்டம்.

…

முழுசாக் கேட்டீங்களா? நான் வெட்டுனதையும் சேர்த்து? இது அந்த மாதா பாட்டு மெட்டுலதான் போகும், கடைசி அடி மேல போகணும். எட்டுனாளா?

நிறுத்திட்டாளா. ம். தெரியும் எனக்கு. அங்கதான் நிறுத்துவா.

யாரு? … பொம்பளைங்களா? எல்லாருமா? அவ விட்ட இடத்துல இருந்தா? அவ சும்மா இருக்க, அவங்களா மேல எடுத்துட்டுப் போறாங்களா. அதுக்கப்புறம்? அவ திரும்பக் கீழ வந்து சேந்துக்கிறாளா. … அதான் தகரச் சத்தமா. அத்தனை பேரையும் பெட்டி ராணியா மாத்தப் பாத்திருக்கு.

…

அன்னைக்கு மேடையிலயும் மைக்க முன்னாடிதான் நீட்டுனா. கூட்டத்தப் பாத்து. அப்ப சத்தம் கிளம்புச்சு, சொன்னேன்ல, அங்கங்க…

இல்ல சார். கை நடுங்குச்சு. நான் பக்கத்துல இருந்தேன்ல, நான் பாத்தேன்ல. நடுங்குச்சு சார்.

கண்டக்டர் கூப்புடுறாரு பாருங்க, விலக்கு வந்துருச்சு. கொஞ்சம் காலை ஒதுக்கிக்கங்க, பை பெருசு. போனைக் குடுங்க சார். இல்ல இல்ல, இயர்போனைக் கழட்ட வேணாம். அப்படியே குடுங்க. இங்க இருந்து கோயிலுக்கு நடந்துதான் போகணும்.